மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர்

பிரிசி,

போன திங்கட்கிழமை கடையில் அந்தக் கொட்டேஷனை என் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் செருகிவிட்டு நீ சொன்னாய்: "டாடி, வாயால பேசினா நீங்க நூறு கேள்வி கேப்பீங்க. கம்ப்யூட்டர் மாத்தலாமா வேணாமா, ஒரே வார்த்தை, எழுதிக் குடுங்க. நான் கொச்சிக்குக் கெளம்ப மூணு வாரந்தான் இருக்கு." கேட்டது ஒரு வார்த்தை. ஆனால் பெற்ற மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிற நேரத்தில் ஒரு வார்த்தையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மாப்பிள்ளையும் உன் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார் என்று தெரியும். அவருக்கும் புரிய வேண்டுமே என்று, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நம் கடை ராயபுரத்திலிருந்து காசிமேடு துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. விசைப்படகு இன்ஜினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறோம். கீழே கவுண்டர், மேலே குடோன், நடுவில் பதினெட்டுப் படி. கவுண்டரில் இருபத்தாறு வருடமாக பஷீர் பாய். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது பில் போடும், அவ்வளவுதான். மாடியில் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துபோனது என்று அதற்குத் தெரியாது. யாராவது ஒரு சாமான் கேட்டால் ஒரு ஆள் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நீ கொண்டுவந்த கொட்டேஷனில் மூன்று வரி இருந்தது. கவுண்டருக்குப் புது கம்ப்யூட்டரும் புது பில்லிங் சாஃப்ட்வேரும். மாடிக்கு இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டையும் கொச்சியிலிருந்து நீ பார்க்கிற மாதிரி கிளவுடு. ஆறு வருடமாகக் கடையை நடத்துகிறவள் நீ. நீ போன பிறகு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து பில் போடப் போகிறவன் நான். கிளம்புவதற்குள் எல்லாம் மாறிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனுஷன் மாற்றவே மாட்டார் என்பது உன் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

கேள்வி கேட்பது என் வியாதி. பஷீர் பாய் எனக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். மறுநாள் கொட்டேஷன் கொடுத்த கம்பெனிக்காரர் வந்தபோது நீ வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போயிருந்தாய். "உங்க டேட்டா எல்லாம் கிளவுடுல பத்திரமா இருக்கும் சார்" என்றார். "அந்தக் கிளவுடு எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டேன். "மும்பைல சார்" என்றார். "அங்கயும் கடல்தான?" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை; எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. நம் கடைக்கு நேர் பின்னால் கடல். இந்த உப்புக் காற்றில் புது ஸ்க்ரூ ஒரே வருடத்தில் பழுப்பாகிவிடும். அவ்வளவு பேருடைய கம்ப்யூட்டரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறவன் உப்புக்கு என்ன செய்கிறான் என்று கேட்பது தப்பா? ஏசி போட்டு, காற்றை வடிகட்டி, ஒரே சரக்கை இரண்டு ஊரில் வைத்திருப்பார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த இடத்தை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. உள்ளே விடமாட்டார்களாம்.

பிறகு மற்றதைக் கேட்டேன். நெட் போனால் பில் வருமா? இன்றைக்குச் சொல்கிற வருடக் கட்டணம் மூன்றாவது வருடமும் அதேதானா? என் பழைய பட்டியலை உங்கள் சாஃப்ட்வேரில் ஏற்றிக் கொடுக்க எத்தனை நாள், அந்த நாளெல்லாம் கடை எப்படி ஓடும்? கடைசியாக ஒன்று: நாளைக்கு உங்களை விட்டு வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால் எங்கள் பட்டியலை எங்களிடம் திருப்பிக் கொடுப்பீர்களா? இதற்கு மட்டும் அவர் வெளியே போய் ஆபீசுக்குப் போன் பேசிவிட்டு வந்தார், தருவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைக் கொட்டேஷனோடு பின் போட்டு வைத்திருக்கிறேன். கொச்சியில் நீ புதிதாக எதையாவது வாங்கினாலும் சரி, வாடகைக்கு வீடு பார்த்தாலும் சரி, உள்ளே போகும் அன்றைக்கே வெளியே வருவதைப் பற்றியும் கேட்டுவிடு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவு கேட்கிற ஆள் எத்தனை தப்புப் பண்ணியிருக்கிறான் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ ஆறாவது படிக்கும்போது நடந்தது இது. அதுவரை கையால்தான் பில். அந்த வருடம் ஒரு விற்பனைக்காரர் வந்தார், நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து. மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டரை வைத்து இரண்டு பட்டனைத் தட்டினார், பில் கிர்ரென்று அடித்துக்கொண்டு வெளியே வந்தது. எனக்கு அதை வைத்துப் பார்க்கக் கை பரபரத்தது. "இப்ப தடைக்காலம், படகு எல்லாம் கரையில நிக்குது, உங்களுக்கு வேலை இருக்காது. இப்பவே போட்டுடலாம் சார்" என்றார் அவர். மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்: உங்கள் பக்கம் மழையோடு வருகிற மீன்பிடித் தடைக்காலம் எங்களுக்குக் கோடையில் வரும். படகு கடலுக்குப் போகாதுதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில்தான் ஒவ்வொரு படகுக்காரரும் இன்ஜினை அவிழ்த்துப் போட்டு வேலை பார்ப்பார். வருடம் முழுக்க நடக்கிற வியாபாரத்தில் பாதி எங்களுக்கு அப்போதுதான். அந்த விற்பனைக்காரருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினேன். மிஷினைச் சீக்கிரம் பார்க்கிற ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய கூத்தாகிவிட்டது. அந்த சாஃப்ட்வேரில் கேட்டலாக்கில் இருக்கிற இங்கிலீஷ் பெயர்தான் இருந்தது. நம் படகுக்காரர்கள் அந்தப் பெயரையா சொல்வார்கள்? இரண்டு இரும்புக்கு நடுவில் வைக்கிற மெல்லிசான கேஸ்கெட்டுக்கு அப்பளம். வளைந்த தண்ணீர் பைப்புக்குக் கொக்கு. பம்புக்குள் சுற்றுகிற ரப்பருக்கு நட்சத்திரம். ஒருவர் வந்து நாலு அப்பளம் கேட்டால், பஷீர் பாய்க்கு அது எது என்று தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உன் அம்மாதான் அப்போது பில் போட உட்கார்ந்தாள். கேட்டலாக்கைப் புரட்டிப் புரட்டிப் பெயர் கண்டுபிடித்து அடிப்பதற்குள் கியூ ரோடு வரை போய்விட்டது. வெயில். ஒரு படகு டிரைவர் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "இன்னா நைனா, பொட்டிய வச்சிகினு பேஜார் பண்ற? பாய் எட்து குடுப்பாரு, நீ சீட்டுல எய்து குடு, நாங்க பொயிகினே இருப்போம்" என்றார். நான் அவரிடம் அந்த மிஷினின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தேன், நம்புவாயா? பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் மறுபடி பில் புக்கை எடுத்தோம்.

அந்தத் தடைக்காலம் முடிந்து படகுகள் போன பிறகு, கடை காற்றாடிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், உன் அம்மாவும் பஷீர் பாயும் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானுக்கும் நம் ஆட்கள் சொல்கிற பெயரை ஏற்றினார்கள். பாய் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷ் எழுத்தில் அப்பளம் என்றும் கொக்கு என்றும் அடித்தாள். இன்று வரை நீ பில் போடுவது அந்தப் பட்டியலில்தான். புதுக் கம்பெனிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கிளீன் பண்ணி சரியான பேர் போட்டுக் குடுத்துடறோம் சார்" என்றார். கிளீன் பண்ணுகிறாராம். இரண்டு பெயரும் இருக்க வேண்டும், எதை அடித்தாலும் சாமான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முடியும் என்கிறார். பஷீர் பாய்க்குத் தட்டச்சு வராதே, வாயால் சொன்னால் வருமா என்று கேட்டேன். வரும் என்று தன் போனை நீட்டினார். பாய் போனைப் பார்த்து "அப்பளம்" என்றார். தண்டையார்பேட்டையில் அப்பளம் விற்கிற நாலு கடையைக் காட்டியது. பாய் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் கீது, சோத்துக்கு ஆவும்" என்றார். அது வெறும் போனாம், அவர்கள் சாஃப்ட்வேரில் தேடினால் நம் பட்டியலுக்குள்தான் தேடுமாம். அதையும் நேரில் பார்க்காமல் நம்புவதாக இல்லை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும், இந்த வருடத் தடைக்காலமும் முடியட்டும் என்று நான் ஏன் இழுத்துக்கொண்டிருந்தேன் என்று. இது சாக்கு இல்லை. ஆனால் நீ சொன்ன பதிலும் சரி: "படகு போறப்ப நான் இங்க இருக்க மாட்டேனே டாடி." நீ இருக்கும்போது கடையில் நிற்க இடமில்லை, கடை காலியாகும்போது நீ இல்லை. இரண்டு நாள் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். உருட்டியதில் ஒரு காரியம் செய்தேன். விலையைக் குறைக்கலாமே என்று நடு வரியைப் பென்சிலால் அடித்தேன். மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற வரியை. மாடியில் யார் உட்கார்ந்து அதைப் பார்க்கப் போகிறார்கள், அங்கே உப்புக் காற்று இன்னும் அதிகம், சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று எனக்கு நானே நல்ல நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன்.

உன் அம்மா புதன்கிழமை அதைப் பார்த்தாள். நான் ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், மும்பைக் கடல், வருடக் கட்டணம் என்று. அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்: "இவ்ளோ கேட்டியே, மாடி ஏறறது யாருன்னு கேட்டியா?" பாய்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றேன். "எத்தினி வாட்டி?" என்றாள். தெரியாது என்றேன். ஒரு விஷயம் தெரியாது என்று சொல்லிவிட்டால் அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது, அது அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நீ உறவுக்காரர் வீட்டு விருந்துக்கு எண்ணூர் போயிருந்தாய். அன்றைக்கு ஒரு காலி கிரீஸ் டப்பாவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாய் ஒரு தடவை மாடி ஏறினால் அதில் ஒரு நட்டு. வெறுங்கையோடு இறங்கி வந்தால் அதோடு ஒரு வாஷரும். காலையிலேயே பாய் பார்த்துவிட்டார். "இன்னாண்ணா, கல்லாவ வுட்டுட்டு உண்டியல்ல போட்டுகினு கீற?" என்றார். சும்மா ஒரு பரீட்சை என்றேன். கடையை மூடும்போது கவிழ்த்து எண்ணினோம். நாற்பத்தொரு நட்டு. பதினேழு வாஷர். அதாவது பதினேழு தடவை அந்த மனுஷன் பதினெட்டுப் படி ஏறிப் போய், சரக்கு இல்லை என்று தெரிந்துகொண்டு இறங்கி வந்திருக்கிறார். நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன். பாய்க்கும் ஆச்சரியம்தான். "நாப்பதா? நான் பத்து பாஞ்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். நட்டுகளை டப்பாவில் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு கம்மிண்ணா. சனிக்கெயம எண்ணிப் பாரு" என்றார். அவருக்கு அடுத்த வருடம் அறுபது.

இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கஷ்டம். இருந்தாலும் நீ தெரிந்துகொண்டே போக வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கிய நாலாவது வருடம் அதே விற்பனைக்காரர் மறுபடி வந்தார். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து ஒரு ஒயர் இழுத்தால் சரக்கு இருப்பது கீழேயே தெரியும் என்றார். முதல் தடவை சூடு பட்டவன் அல்லவா, நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். "மாடிக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர், எங்களுக்கு கால் இருக்கு" என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாருடைய கால் என்று யோசிக்கவில்லை. பாய் கவுண்டரில் ஆள் கவனிப்பார், நான் ஒவ்வொரு பட்டறையாகச் சுற்றிக்கொண்டிருப்பேன். பில் போட்டுக்கொண்டே மாடி ஏறி இறங்கியவள் உன் அம்மா. அதற்குப் பிறகு எட்டு வருடம்.

அந்த எட்டு வருடமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருந்தேன். மூடியைக் கழற்றி பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவது, துரு பிடித்த முனையைச் சுரண்டுவது, ரிச்சி தெருவுக்குப் போய் யாரோ கழித்துப் போட்ட பாகத்தை வாங்கி வந்து மாட்டுவது. ஓடாது என்று எல்லோரும் சொன்ன மிஷின் மறுபடி உறுமும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். செலவே இல்லாமல் ஓட்டுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது எனக்கு விளையாட்டு, பிரிசி. விளையாட்டை சிக்கனம் என்று சொல்லிக்கொண்டேன். உன் அம்மாவுக்கு முட்டி வீங்கி டாக்டரிடம் கூட்டிப் போனபோது, "படி ஏறி எறங்கற வேலையாம்மா?" என்று அவர் கேட்டார். உன் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்ல டாக்டர், கம்ப்யூட்டர்ல பில் போடற வேல. உக்காந்தபடிதான்" என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் நீ வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாய்.

வியாழக்கிழமை அந்த டப்பாவை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் முன்னால் வைத்து, "நீ கேட்டியே, நாப்பத்தோரு வாட்டி" என்றேன். அவள் ஊன்றி நடக்கிற கம்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு டப்பாவுக்குள் கையை விட்டு நட்டுகளை அளைந்தாள். அளைந்துகொண்டே, "எனக்கு இதுக்கு மேல இருக்கும். அப்ப நீ எண்ணல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். கிண்டலாகவும் சொல்லவில்லை. கணக்கு சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மன்னிப்பு கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்டேன். "அத்த வுடு, பாய்க்கு இன்னா பண்ணப் போற?" என்றாள். அவளோடு உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டோம். பில் போடுகிற கம்ப்யூட்டரை இப்போது தொட வேண்டாம். படகுகள் கடலுக்குப் போகட்டும், கடை ஓயட்டும், நானும் பாயும் மாற்றிக்கொள்கிறோம். இரண்டு வாரம் பழையதிலும் புதிதிலும் சேர்த்தே பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பழையதை நிறுத்துவோம். சந்தேகம் வந்தால் உனக்குப் போன் செய்வேன், நிறைய செய்வேன், எடு. ஆனால் மாடிக் கம்ப்யூட்டரைத் தடைக்காலம் என்று பார்க்காமல் இப்போதே, நீ இருக்கும்போதே போட வேண்டும். அது பில்லைத் தொடாது, கியூவை நிறுத்தாது. எல்லாச் சரக்கையும் முதல் நாளே ஏற்ற வேண்டியதில்லை. வியாழக்கிழமை பாய் எதற்கெல்லாம் ஏறினார் என்று ஒரு சீட்டில் குறித்திருந்தேன். முக்கால்வாசி இரண்டே ராக்குக்குத்தான், ஃபில்டரும் கேஸ்கெட்டும். அந்த இரண்டு ராக்கை வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் பூசை முடிந்து வந்து பாயோடு சேர்ந்து எண்ணி ஏற்றிவிடலாம். கவுண்டரில் ஒரு சின்னத் திரை வைத்தால் போதும், பாய் பார்த்துத் தெரிந்துகொள்வார். பெயர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லித் தர உன் அம்மா வருகிறேன் என்கிறாள். அவளுக்குக் கீழேயே நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

நல்ல யோசனையைக் கொட்டேஷனில் நீ ஏற்கெனவே போடச் சொல்லியிருந்தாய். மாடி ஏறுகிறவரை நீ பார்த்திருக்கிறாய், நான் விலையைப் பார்த்தேன். கொச்சியில் உன் வீட்டில் எந்தச் சாமானை மாற்றலாம், எதை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று பேச்சு வரும், எல்லா வீட்டிலும் வரும். இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் கேட்காதே. அதை யார் ஓட்டுகிறார்கள் என்றும் கேள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார். மாப்பிள்ளை எண்ணினால் இன்னும் நல்லது.

நீ கேட்ட ஒரு வார்த்தை இதோ: ஆமாம். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு, மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, நாளைக்கே ஆர்டர் கொடுக்கலாம் என்று நாளைத் தேதியும் போட்டிருக்கிறேன். உன் அம்மா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தாள்.

"பதினாலு வருசம் லேட்டு" என்றாள்.

அப்பா